ஓகோனி: எண்ணெய் யாருடையது, கிணறு யாருடையது?

(வாசிப்பு முகாம் ஒன்றில் மாணவர்கள், இயக்கத் தோழர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'ஆப்பிரிக்காவில் நீடித்த வளர்ச்சியும் ஆட்சிமுறைச் சிக்கல்களும்'. நோட்டீசில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. 54 நாடுகள். தந்திருக்கிற நேரம் ஒரு மணி. நாட்டுக்கு ஒரு நிமிஷம்னு வச்சா டீ குடிக்க ஆறு நிமிஷம் மிச்சம் வரும். அந்த மாதிரிப் பேச்சை நிறையக் கேட்டாச்சு. பஞ்சம், ஊழல், இராணுவ ஆட்சி, எய்ட்ஸ் என்று ஒரு பட்டியலை வாசித்துவிட்டு, 'இருண்ட கண்டம்' என்று வெள்ளைக்காரன் வைத்த பெயரைக் கொஞ்சம் நாகரிகமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஊர்க்காரன் நம்ம தெருவைப் பத்திப் பேசும்போது 'காலனி ஆளுங்க' என்று ஒரே சொல்லில் முடிச்சுக்குவானே, அதே புத்திதான் அது. எனவே நான் ஒரு கண்டத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. நைஜீரியாவின் தெற்கே, நைஜர் ஆறு கடலில் கலக்கிற கழிமுகத்தின் கிழக்கு ஓரத்தில், ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு நிலத்துண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதற்குப் பெயர் ஓகோனி.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தது மூத்த தோழர்களுக்கு நினைவிருக்கும். தலித் இயக்கங்களைச் சேர்ந்தவர்கள் அங்கே போனார்கள். சாதியும் பிறப்பை வைத்துச் செய்யப்படும் ஒடுக்குமுறைதான், இந்த மாநாடு அதைப் பேச வேண்டும் என்றார்கள். இந்திய அரசு, அது எங்கள் வீட்டு விவகாரம் என்று கதவைச் சாத்தியது. இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற சொல் வரவில்லை. ஆனால் அடுத்த வருஷமே, 2002இல், ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, வம்சாவளிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் எழுதியது. அதை நாம் வெற்றி என்று சொல்கிறோம், சரிதான். ஆனா எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. ஆப்பிரிக்க மண்ணில் நின்றுகொண்டு நம் கதையை உலகத்துக்குச் சொன்ன நாம், அந்த மண்ணின் கதையை எவ்வளவு கேட்டோம்? நம் பத்திரிகைகளில் கறுப்பர் என்றால் பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பர். ஆப்பிரிக்கா என்றால் மண்டேலா. மற்றபடி வெள்ளைக்காரனின் அறிக்கையைத்தான் நாமும் படிக்கிறோம்.

அறிக்கை என்றதும் சொல்கிறேன். தலைப்பில் இருக்கிற இரண்டு சொல்லும் எங்கிருந்து வந்தவை என்று பாருங்கள். நீடித்த வளர்ச்சி என்பதை உலகம் பூராவும் கொண்டுபோனது 1987இல் வந்த புருண்ட்லாண்ட் குழுவின் அறிக்கை. வரப்போகும் தலைமுறையின் தேவைக்குக் கேடு வராமல் இன்றைய தேவையை நிறைவு செய்வது என்பது அதன் விளக்கம். 1989இல் உலக வங்கி, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. ஆப்பிரிக்காவின் வளர்ச்சிச் சிக்கல்களுக்கு அடியில் கிடப்பது ஆட்சிமுறையின் நெருக்கடி என்று அதில் எழுதினார்கள். 'நல்லாட்சி' என்கிற மந்திரம் அதற்குப் பிறகுதான் எல்லா வாயிலும் புகுந்தது. அதே உலக வங்கிதான் 80கள் முழுக்கக் கட்டமைப்புச் சீரமைப்பு என்ற பேரில் மானியத்தை வெட்டு, நாணய மதிப்பைக் குறை, ஆட்களைக் குறை என்று சொல்லிக்கொண்டிருந்தது. நைஜீரியாவுக்கு அது 1986இல் வந்தது. பன்னாட்டு நிதியத்தின் கடன் வேண்டாம் என்று மக்கள் விவாதம் நடத்திச் சொன்னார்கள். இராணுவ ஆட்சியாளர் பாபாங்கிதா கடனை வேண்டாமென்று சொல்லிவிட்டு, கடனோடு வரும் நிபந்தனைகளை மட்டும் தானாகவே அமல்படுத்தினார். சிரிக்காதீங்க, அதுதான் நடந்தது.

வாஷிங்டனில் அந்த அறிக்கை வந்த மறு வருஷம், 1990 ஆகஸ்ட் 26 அன்று, ஓகோனி மக்களின் தலைவர்கள் ஒரு சாசனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஓகோனி உரிமைச் சாசனம். வளர்ச்சி, ஆட்சிமுறை என்ற அதே இரண்டு பிரச்சினைக்கும் அடியிலிருந்து எழுதப்பட்ட பதில் அது. எங்கள் நிலத்திலிருந்து முப்பது வருஷத்துக்கும் மேலாக எண்ணெய் எடுத்திருக்கிறீர்கள், அதன் மதிப்பு 3,000 கோடி டாலர், எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, வேலை இல்லை, மத்திய அரசின் எந்த அமைப்பிலும் எங்கள் ஆள் இல்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். கேட்டது பிரிவினை அல்ல. நைஜீரியக் குடியரசுக்கு உள்ளேயே எங்கள் விவகாரத்தை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், எங்கள் வளத்தில் நியாயமான பங்கு வேண்டும், எங்கள் மொழிகள் வளர வேண்டும், எங்கள் சுற்றுச்சூழல் மேலும் கெடாமல் காக்க வேண்டும், எல்லா தேசிய நிறுவனங்களிலும் எங்களுக்கு நேரடிப் பிரதிநிதித்துவம் 'உரிமையாக' வேண்டும். இந்த 'உரிமையாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். சலுகையாக இல்லை. வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கர் பேசியதைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லின் எடை தெரியும்.

ஓகோனிகள் அன்றைக்குச் சுமார் 5 லட்சம் பேர். கானா, கோகானா, எலெமே என்று மொழிகள் தனி. மரவள்ளியும் யாம் என்கிற கிழங்கும் பயிர் செய்கிறவர்கள், உப்பங்கழியில் மீனும் நண்டும் சிப்பியும் பிடிக்கிறவர்கள். நைஜீரியாவில் 250க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள். அதில் ஹவுசா-ஃபுலானி, யொருபா, இக்போ மூன்றும் பெரியவை. அதிகாரம் இந்த மூன்றுக்குள்ளேதான் கைமாறும். 1958இல் ஓகோனியில் ஷெல் கம்பெனி எண்ணெய் கண்டுபிடித்தது. நாடு விடுதலை அடைய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதாவது எண்ணெய்க்காரன் வெள்ளைக்கார ஆட்சியில் வந்தான், கறுப்பு ஆட்சியில் இருந்துகொண்டான்.

இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டம் எப்படி மாறியது என்று பாருங்கள். விடுதலையின்போது, கனிம வளத்திலிருந்து வரும் வருமானத்தில் பாதி, 50 சதவீதம், அது எடுக்கப்படும் மாகாணத்துக்கு என்று இருந்தது. அப்போது நாட்டுக்கு வருமானம் தந்தது வடக்கின் நிலக்கடலை, மேற்கின் கோகோ. அதாவது பெரிய இனங்களின் மண்ணில் விளைந்தவை. பிறகு எண்ணெய்தான் எல்லாம் என்று ஆனது. ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எண்ணெயிலிருந்து வர ஆரம்பித்தது. எண்ணெய் இருந்தது சின்ன இனங்களின் மண்ணில். உடனே கணக்கு மாறிப்போச்சு. 1969இல் பெட்ரோலியச் சட்டம், பூமிக்கடியில் இருக்கிற எண்ணெய் முழுவதும் மத்திய அரசுக்குச் சொந்தம் என்றது. 1978இல் நிலப் பயன்பாட்டு ஆணை, நிலம் முழுவதும் மாநில ஆளுநரின் பொறுப்பில் என்றது. 50 சதவீதம் என்பது படிப்படியாகத் தேய்ந்து 80களில் 1.5 சதவீதத்தில் வந்து நின்றது. பொது நன்மைக்காக என்று பொதுவான மொழியில் எழுதப்பட்ட சட்டம் யார் தலையில் போய் விழுகிறது என்று பார்க்காமல் ஆட்சிமுறை பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நிலம் உனக்குச் சொந்தமில்லை என்றால் நட்டஈடு எதற்குக் கிடைக்கும்? நிலத்தின் மேலே நின்ற பயிருக்கு. அந்த வருஷத்து மரவள்ளிக்கு, அந்தப் பனை மரத்துக்கு. மண் செத்துப்போனால் அதற்குக் கணக்கு இல்லை. எண்ணெயோடு சேர்ந்து வருகிற வாயுவைக் கிராமத்துப் பக்கத்திலேயே இராப்பகலாக எரித்தார்கள். 1984க்குப் பிறகு அனுமதி இல்லாமல் எரிக்கக் கூடாது என்று 1979லேயே சட்டம் போட்டாச்சு. ஆனால் வாயுவைத் திரும்பப் பூமிக்குள் செலுத்துகிற செலவைவிட அபராதம் மலிவு. அபராதத்தைக் கட்டிவிட்டு எரித்தார்கள். 2005இல் பெனின் நகரத்து நீதிமன்றம், இது உயிர் வாழும் உரிமைக்கே எதிரானது என்று தீர்ப்பு எழுதியது. அதற்கப்புறமும் கழிமுகத்தில் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஷெல் என்று சொல்லும்போது ஒரு தனிக் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். நைஜீரியாவில் அது நடத்திய கூட்டு முயற்சியில் நைஜீரிய அரசின் எண்ணெய் நிறுவனத்துக்கு 55 சதவீதம் பங்கு. ஷெல்லுக்கு 30. மிச்சம் ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கும் ஒரு இத்தாலியக் கம்பெனிக்கும். கம்பெனியைக் கண்காணிக்க வேண்டிய அரசே கம்பெனியின் பெரிய பங்காளி. குழாய் உடைந்தால் கம்பெனிக்கு அபராதம் போட வேண்டும். போட்டால் தன் பையிலிருந்தும் போகும். உலக வங்கியின் மொழியில் இதை நிறுவனத் திறன் குறைபாடு என்பார்கள். அரசுக்குத் திறன் இல்லாமல் போகவில்லை என்பதுதான் என் வாதம். மக்கள் எதிர்த்து நின்றபோது எவ்வளவு திறனோடு செயல்பட்டது என்பதைச் சொல்கிறேன்.

கென் சரோ விவா. 1941இல் பிறந்தவர். எழுத்தாளர், தொலைக்காட்சித் தொடர் எழுதி நாடு முழுக்கப் பெயர் வாங்கியவர், வியாபாரமும் செய்தவர். 1985இல் 'சோசாபாய்' என்று ஒரு நாவல் எழுதினார். போருக்குப் போன ஒரு கிராமத்துப் பையன் தெருவில் பேசுகிற உடைந்த ஆங்கிலத்திலேயே கதை சொல்கிறான். அழுகிய ஆங்கிலத்தில் ஒரு நாவல் என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டார். நம் எழுத்தைப் பார்த்து 'இது என்ன கொச்சை' என்று மூக்கைப் பொத்தினவர்களை நினைத்துக்கொண்டேன், படிக்கும்போது.

அவரை வீரராக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. 1967லிருந்து 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரில், பயாஃப்ரா தனிநாட்டுக்கு எதிராக, மத்திய அரசின் பக்கம் நின்றவர் அவர். போனி என்ற எண்ணெய்த் துறைமுகத்துக்கு அரசு நிர்வாகியாக இருந்தார். காரணம் உண்டு. இக்போக்களின் தனிநாட்டில் ஓகோனிகள் என்ன ஆவார்கள் என்ற பயம். மத்திய அரசு சின்ன இனங்களுக்குத் தனி மாநிலம் தரும் என்ற நம்பிக்கை. மாநிலம் வந்தது. அதிலும் ஓகோனிகள் சிறுபான்மைதான். இருபது வருஷம் அதிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுத்தான் அவர் இதை உள்நாட்டுக் காலனியம் என்று சொன்னார். விடுதலை அடைந்த தேசத்துக்குள்ளேயே ஒரு பகுதி காலனியாக இருக்கிறது, ஆள்கிறவன் நிறமும் ஆளப்படுகிறவன் நிறமும் ஒன்று. தேசிய விடுதலை வந்தால் எல்லாம் சரியாகும் என்று நமக்கும் ஒரு காலத்தில் பாடம் நடத்தினார்கள்.

இக்போக்கள் பெயர் வந்ததால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அவர்களும் 60களில் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டவர்கள்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவர்களுக்குள்ளே ஓசு என்று ஒரு பிரிவு உண்டு. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களோடு பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். 1956இல் கிழக்கு மாகாணச் சட்டசபை இந்த முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. சட்டம் இருக்கிறது, கல்யாணப் பேச்சில் இன்றும் விசாரிக்கிறார்கள். சினுவா அச்செபியின் 1960ஆம் வருஷத்து நாவலில் கதாநாயகன் காதலிக்கிற பெண் ஓசுதான். ஒடுக்கப்பட்டவனுக்குக் கீழே இன்னொருத்தன் இருக்கிறானா என்று எங்கே போனாலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1993 ஜனவரி 4. ஓகோனிகளின் இயக்கம் கணக்குச் சொல்வது போல் 3 லட்சம் பேர் கையில் மரக்கிளைகளோடு ஊர்வலம் போனார்கள். மொத்தமே 5 லட்சம் பேர் இருக்கிற இனத்தில் 3 லட்சம் பேர் தெருவில். ஒரு கல் எறியப்படவில்லை. அந்த வருஷமே ஷெல் ஓகோனியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்திக்கொண்டு வெளியேறியது. ஏப்ரல் மாதம், குழாய் பதிக்க வந்த ஒப்பந்தக் கம்பெனி, இராணுவத்தைக் காவலுக்கு வைத்துக்கொண்டு நின்ற பயிரைப் புல்டோசர் விட்டுத் தள்ளியது. மக்கள் மறித்தார்கள். சுட்டார்கள். தன் பயிரைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கையில் குண்டு பாய்ந்து கையை எடுக்க வேண்டியதாயிற்று. ஓகோனிப் பெண்கள் தனிக் கூட்டமைப்பு வைத்து இந்தப் போராட்டத்தை இழுத்துச் சென்றவர்கள். புத்தகங்களில் கென் பெயர் இருக்கிற அளவுக்கு அவர்கள் பெயர் இல்லை.

அதே வருஷம் ஜூன் 12இல் ஜனாதிபதித் தேர்தல். நைஜீரியாவில் நடந்த தேர்தல்களிலேயே நேர்மையானது என்று இன்றைக்கும் சொல்லப்படுவது. அபியோலா ஜெயித்தார், பாபாங்கிதா தேர்தலையே ரத்து செய்தார். இந்தத் தேர்தலை ஓகோனி இயக்கம் புறக்கணித்தது. அந்த முடிவில் இயக்கம் இரண்டானது. மூத்த தலைவர்கள் சிலர் விலகினார்கள். சரியா தப்பா என்று எனக்கே தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. இராணுவ ஆட்சி போக வேண்டும் என்றால் ஓட்டுப் போட வேண்டும் என்பது ஒரு நியாயம். சுமார் 9 கோடிப் பேர் வாழ்கிற நாட்டில் 5 லட்சம் பேர் கொண்ட இனத்தின் ஓட்டு எதையும் மாற்றாது, ஓட்டுப் போட்டால் எங்களைக் கேட்காமல் எழுதிய அரசியல் சட்டத்துக்கு ஒப்புதல் தந்ததாக ஆகும் என்பது இன்னொரு நியாயம். சிறுபான்மையாகச் சிதறிக் கிடக்கிறவர்களுக்கு ஜனநாயகம் என்பது எண்ணிக்கை மட்டும் அல்ல என்று நாம் பேசுவதும் இதைத்தான்.

1994 மே 21இல் கியோக்கூ என்ற இடத்தில் கூடியிருந்த ஓகோனித் தலைவர்கள் நான்கு பேரை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. கென்னுக்கு எதிர் அணியில் இருந்தவர்கள். இதை நாம் மூடி மறைக்கக் கூடாது. செத்தவர்களும் ஓகோனிகள், அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. ஆனால் அன்று கென்னை அந்தக் கூட்டத்துப் பக்கமே போக விடாமல் இராணுவம் திருப்பி அனுப்பியிருந்தது. இருந்தும் தூண்டியவர் என்று அவரைப் பிடித்தார்கள். சானி அபாச்சாவின் ஆட்சி. சிறப்பு விசாரணை மன்றம், அதில் ஒரு உறுப்பினர் இராணுவ அதிகாரி. மேல்முறையீடு கிடையாது. சாட்சி சொன்ன சிலர், எங்களுக்குப் பணமும் வேலையும் தருவதாகச் சொல்லித்தான் சொல்ல வைத்தார்கள் என்று பிறகு பிரமாணம் எழுதிக் கொடுத்தார்கள். 1995 நவம்பர் 10இல் போர்ட் ஹார்கோர்ட் சிறையில் கென் சரோ விவாவோடு சேர்த்து ஒன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள். திறன் இல்லாத அரசு என்றார்களே, அதற்காகத்தான் இதைச் சொன்னேன். 30 வருஷமாக ஒரு குடிநீர்க் குழாய் போட முடியாத அரசு, கைதுசெய்து ஒன்றரை வருஷத்துக்குள் விசாரணை, தீர்ப்பு, ஒப்புதல், தூக்கு எல்லாம் முடித்துவிட்டது.

காமன்வெல்த் நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது. எண்ணெய் வாங்குவதை யாரும் நிறுத்தவில்லை. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, 2001இல் ஆப்பிரிக்க மனித மற்றும் மக்கள் உரிமை ஆணையம் தந்த முடிவு. ஆப்பிரிக்க நாடுகளே எழுதிக்கொண்ட உரிமைச் சாசனத்தில், தனி மனிதருக்கு மட்டுமல்ல, மக்கள் கூட்டத்துக்கும் நல்ல சுற்றுச்சூழல் உரிமை என்று 24ஆம் பிரிவு இருக்கிறது. அதை வைத்து, ஓகோனி மக்களின் உரிமையை நைஜீரிய அரசு மீறியது என்று ஆணையம் சொன்னது. அப்போது வந்திருந்த சிவில் அரசும் கொடுமை நடந்ததை மறுக்கவில்லை. ஆட்சிமுறை பற்றி ஆப்பிரிக்காவுக்கு வெளியிலிருந்து பாடம் எடுக்கிறவர்கள் இந்த முடிவைப் படிப்பதில்லை. படித்தால், சட்டச் சிந்தனையில் அவர்களே பின்தங்கியிருப்பது தெரியும்.

இப்ப ஒரு மாணவத் தோழர் கேட்கலாம்: இராணுவம் போய், 1999இல் ஜனநாயகம் வந்துவிட்டதே, அப்புறம் என்ன? நியாயமான கேள்வி. 1999 அரசியல் சட்டம், எண்ணெய் வருமானத்தில் குறைந்தது 13 சதவீதம் எண்ணெய் மாநிலங்களுக்கு என்றது. 1.5 எங்கே, 13 எங்கே. போராட்டத்தின் பலன்தான், சந்தேகமில்லை. ஆனால் பணம் போனது மாநில ஆளுநர் கைக்கு. டெல்டா மாநிலத்தில் 1999 முதல் 2007 வரை ஆளுநராக இருந்த ஜேம்ஸ் இபோரி, கோடிக் கணக்கில் திருடியதற்காக 2012இல் லண்டன் நீதிமன்றத்தில் 13 வருஷம் தண்டனை வாங்கினார். இவர் கழிமுகத்தின் மண்ணின் மைந்தர். நம்ம ஆள் பதவிக்கு வந்துட்டா போதும்கிற அரசியல் எங்கே போய் நிற்கும் என்பதற்கு நான் வேறு உதாரணம் தேடப் போக வேண்டியதில்லை. 2021இல் புதிய பெட்ரோலியத் தொழில் சட்டம் வந்தது. கம்பெனிகள் தங்கள் இயக்கச் செலவில் 3 சதவீதத்தைக் கிராமங்களுக்கான அறக்கட்டளைக்குத் தர வேண்டும். நல்லதுதானே? அதே சட்டத்தில், அந்தப் பகுதியில் குழாயை யாராவது உடைத்தால் அந்தச் செலவை இந்தப் பணத்திலேயே கழித்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறது. சம்பளமில்லாத வாட்ச்மேன் வேலையைக் கிராமத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். துப்பாக்கியோடு வருகிற எண்ணெய்த் திருடனைக் கிழங்கு பயிரிடுகிற கிழவி தடுக்க வேண்டும்.

எண்ணெய்த் திருட்டு உண்மைதான். குழாயில் துளை போட்டு எடுத்துக் காட்டுக்குள் டிரம்மில் காய்ச்சி விற்கிறார்கள். அதிலும் கழி கெடுகிறது, தீப்பிடித்துச் சாகிறார்கள் இளைஞர்கள். ஓகோனியில் எண்ணெய் எடுப்பது 1993இல் நின்றது, ஆனால் வேறிடத்து எண்ணெய் ஓகோனி வழியாகக் குழாயில் போனி துறைமுகத்துக்கு ஓடுவது நிற்கவில்லை. கசிவு நாசவேலையால் ஏற்பட்டது என்று எழுதிவிட்டால் நட்டஈடு தர வேண்டியதில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கப் போகிற கூட்டு ஆய்வுக் குழுவை அழைத்துப் போவதே கம்பெனிதான். அரசின் கண்காணிப்பு முகமைக்குச் சம்பவ இடத்துக்குப் போகச் சொந்தமாக வண்டி வசதிகூடப் போதாது.

போடோ என்ற ஊரில் 2008இல் இரண்டு முறை குழாய் உடைந்து வாரக்கணக்கில் எண்ணெய் கொட்டியது. அலையாத்திக் காடு கருகியது, மீன் போச்சு. கம்பெனி முதலில் கொண்டு வந்தது அரிசி மூட்டை, பீன்ஸ் மூட்டை, தக்காளி டின். முதல் கசிவில் கொட்டியது 1,640 பீப்பாய் என்று எழுதிக்கொண்டார்கள். லண்டனில் வழக்குப் போட்ட பிறகுதான், 2014இல், அந்தக் கணக்கு குறைவானது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2015 ஜனவரியில் 5.5 கோடி பவுண்டுக்குச் சமரசம். 15,600 பேருக்குத் தலைக்குச் சுமார் 2,200 பவுண்டு. சொந்த நாட்டு நீதிமன்றத்தில் கிடைக்காததை, தங்களைக் காலனியாக வைத்திருந்த நாட்டின் நீதிமன்றத்தில் போய் வாங்க வேண்டியிருந்தது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் போகாதே என்று சொல்லவும் நமக்கு யோக்கியதை இல்லை. டர்பனுக்கு நாம் ஏன் போனோம்?

இனி அந்தக் கிணறு. நைஜீரிய அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஓகோனியை ஆராய்ந்து 2011 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. செலவு ஷெல் கொடுத்தது, அதனால் மக்கள் முதலில் நம்பவில்லை. 200க்கும் மேற்பட்ட இடங்கள், 4,000க்கும் மேற்பட்ட மாதிரிகள், கூட்டங்களில் 23,000க்கும் மேற்பட்ட மக்கள். நிசிசியோக்கன் ஓகாலே என்கிற ஊரில் மக்கள் குடிக்கிற கிணற்று நீரில், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற அளவைப்போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. அங்கே நிலத்தடி நீரின் மேல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. பக்கத்தில் ஓடுவது அரசு நிறுவனத்தின் குழாய், மிதந்தது சுத்திகரித்த எண்ணெய். மக்களுக்குத் தெரியும். நாறுகிறது என்று தெரிந்தே குடித்தார்கள், சமைத்தார்கள், குளித்தார்கள், வேற தண்ணி இல்ல. சுத்தம் செய்து முடித்துவிட்டோம் என்று ஷெல் கணக்கு எழுதிய இடங்களில் 15ஐத் தோண்டிப் பார்த்ததில் 10 இடத்தில் மாசு அனுமதித்த அளவுக்கு மேல்.

சுத்தப்படுத்த 25 முதல் 30 வருஷம் ஆகலாம், முதல் ஐந்து வருஷத்துக்கு மட்டும் 100 கோடி டாலர் வேண்டும், ஓகாலே மக்களுக்கு உடனே நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று அறிக்கை சொன்னது. 2012இல் இதற்காக ஒரு அமைப்பு. அது நகரவில்லை. 2016 ஜூனில் துணை ஜனாதிபதி வந்து போடோவில் தொடங்கி வைத்தார். களத்தில் வேலை ஆரம்பித்தது 2019இல். காண்டிராக்ட் வாங்கிய கம்பெனிகளில் பலவற்றுக்கு இந்த வேலையில் அனுபவமே இல்லை என்று 2020இல் மனித உரிமை, சூழல் அமைப்புகள் எழுதின. நீடித்த வளர்ச்சியின் இலக்கணத்தில் வரப்போகிற தலைமுறை என்று சொன்னார்களே, அறிக்கை வந்தபோது ஓகாலேயில் பிறந்த குழந்தைக்கு இப்போது மீசை முளைக்கிற வயசு.

ஓகாலே மக்களும் லண்டனில் வழக்குப் போட்டார்கள். வழக்கை நடத்தலாமா கூடாதா என்பதற்கே பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை போய் 2021 பிப்ரவரியில்தான் 'நடத்தலாம்' என்று தீர்ப்பு வந்தது. இதற்கிடையில் ஷெல் தன் நைஜீரிய நிலப்பரப்புத் தொழிலை விற்றுவிட்டது, 2025 மார்ச்சில் கைமாறியது. கழிக்குள் கிடக்கிற எண்ணெயை விலைக்கு வாங்கியவர் பொறுப்பேற்பாரா என்பது அங்கே இப்போது நடக்கிற விவாதம்.

இன்னொன்று. கென்னின் நினைவாக, இலண்டனில் வாழும் நைஜீரியச் சிற்பி சொக்காரி டக்ளஸ் கேம்ப் இரும்பில் ஒரு பேருந்து செய்தார். மேலே எண்ணெய் டிரம்கள், கூடவே தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர்கள். 2015இல் அதை ஓகோனிக்கு அனுப்பினார்கள். லாகோஸ் துறைமுகத்தில் சுங்கத்துறை பிடித்து வைத்துக்கொண்டது. ஜனநாயக அரசின் சுங்கத்துறை. பிறகு 2025 ஜூன் 12 அன்று ஜனாதிபதி டினுபு, தூக்கிலிடப்பட்ட ஒன்பது பேருக்கும் பொது மன்னிப்பும் தேசிய விருதும் அறிவித்தார். ஜூன் 12, அவர்கள் புறக்கணித்த அந்தத் தேர்தலின் நாள். இப்போது அதுதான் அங்கே ஜனநாயக தினம். ஓகோனியில் மறுபடி எண்ணெய் எடுப்பது பற்றிய பேச்சும் அந்த நேரத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. மன்னிப்பு என்றால் குற்றம் செய்தவர் என்று ஆகிறது, எங்களுக்கு வேண்டியது குற்றமற்றவர் என்ற அறிவிப்பு என்று அவர்களுடைய ஆட்கள் பதில் சொன்னார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று தோழர் சீட்டுக் கொடுத்திருக்கிறார். மீதி 53 நாட்டைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை, அதற்காக என்னைத் திட்டலாம். அங்கே பின்வரிசையில் ஒரு தங்கச்சி அப்போதிருந்தே கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், தேர்தல் புறக்கணிப்பைப் பற்றிப் பேசியபோது தூக்கிய கை. முதலில் அவர் கேட்கட்டும்.